பொருள்: புதுத் தொட்டி மீனுக்கு ஏற்றதாகும் காலத்துக்கு ஒரு சொல் வேண்டும்

கோப்பாயிலிருந்து:

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம். வீட்டு வளவில் மீன் வளர்க்க விரும்பும் மாணவர்களுக்காக நாங்கள் எழுதிவரும் கையேடு இம்மாத முடிவில் அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல் அமையாததால் ஓர் அத்தியாயம் முழுவதும் நிற்கிறது. புதிய தொட்டியில் மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா சேர்கிறது. அதனை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றும். முதலிரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவது மிகுதியாகச் சேர்ந்தாலன்றிப் பெருந்தீங்கு செய்யாது. இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு கிழமை வரை செல்லும். அக்காலத்துச் செயலை ஆங்கிலத்தார் ‘சைக்கிளிங்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். நான் இப்போதைக்கு ‘நைதரசன் வட்டத்தை நிறுவுதல்’ என்று எழுதியிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் வர வேண்டிய சொல்லுக்கு இந்த நீளம் தாங்காது.

மானிப்பாயிலிருந்து:

பிள்ளை, நீளத்தைவிட ‘வட்டம்’ என்பதே எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. இயற்கையில் நைதரசன் மீண்டும் வளிமண்டலத்தைச் சென்றடைவதால் அங்கே வட்டம் பொருந்தும். வீட்டுத் தொட்டியிலோ பெரும்பாலும் அது நைத்திரேற்றோடு நின்றுவிடுகிறது. தாவரம் உறிஞ்சினாலன்றி, நாம் நீரை இறைத்து வாழைக்கு விட்டாலன்றி, அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கும். வட்டம் என்று படித்த மாணவன் நீரை மாற்றாமலே இருந்துவிடுவான். ‘நைத்திரேற்றாக்கம்’ ஏற்கெனவே வழங்கும் சொல்; ‘நைத்திரேற்றாக்கம் நிலைபெறல்’ என்றால் ஐயத்துக்கு இடமில்லை.

நான் துல்லியத்தை வற்புறுத்துவதற்கு நம் யாழ்ப்பாணத்து நீரும் ஒரு காரணம். நம் கிணறுகள் சுண்ணக்கற் பாறையில் வெட்டப்பட்டவை; நீர் பெரும்பாலும் வன்மையானது, அமில, காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானமும் பொதுவாக 7இற்கு மேலேயே இருக்கும். 30 பாகை செல்சியசில், பீ.எச். 7 ஆயின் மொத்த அமோனியாவில் நச்சு வடிவம் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. 8 ஆயின் நூற்றுக்கு ஏழளவு. மென்னீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அமோனியா இங்கே அதைக் கொன்றுவிடலாம். அதே சுண்ணம் பற்றீரியாவுக்கு உதவியும் செய்கிறது: ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசன் மாறுவதற்கு, கல்சியங்காபனேற்றுக் கணக்கில் ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும், மழைநீர் பிடித்த தொட்டியில் அது விரைவில் தீர்ந்து செயல் தடைப்படும், கிணற்று நீரில் எளிதில் தீராது.

உரும்பிராயிலிருந்து:

ஐயா அவர்களின் இரசாயனத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் ‘நைத்திரேற்றாக்கம்’ தமிழெழுத்தில் எழுதிய ஆங்கிலமே. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியர் வழிவிட்டது, எழுத்தை மாற்றினால் எந்தச் சொல்லையும் கொண்டுவரலாம் என்பதற்கன்று. ‘முதிர்நீர்’ என்று கொள்வோம். அந்நிலையை அடைதல் ‘நீர்முதிர்வு’. நீருக்கு அடைகொடுத்து வழங்குவது நம் மரபு. கடலைக் குறிக்கும் முந்நீர் என்பதனை ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்னும் மூன்றாகக் கொண்டவர்களும், படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மூன்று தன்மையாகக் கொண்டவர்களும், நிலத்துக்கு முன் தோன்றிய ‘முன்னீர்’ என்று பாடங்கொண்டவர்களும் உளர். என் மனம் மூன்றாவதையே சார்கிறது. காலத்தை அடையாகக் கொண்ட நீர்ப்பெயர் அதுவாயின், ‘முதிர்நீர்’ அதன் வழியில் வந்த புதுச்சொல்லாகும்.

நீர்வேலியிலிருந்து:

முந்நீர் பற்றி விருப்பத்தோடு படித்தேன், ஐயா. ஆனால் முதிர்ந்த நீர் என்றால் எங்கள் அயலில் பாசி பிடித்து நாறும் நீரையே நினைப்பார்கள். புது மண்சட்டியைப் பழக்கிய பின்பே கறிக்கு எடுக்கிறோம். அதைப் போலத் தொட்டியையும் பழக்க வேண்டும் என்றால் எவருக்கும் விளங்கும். ‘நீர் பழக்கல்’ என்பது என் முன்மொழிவு.

பழகாத தொட்டியில் மீன், நீர் விழும் குழாயடியில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிடித்துப் பூவை, அதாவது செவுளை, விரித்துப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் கோப்பி நிறமாக இருக்கும். நைத்திரைற்றினால் குருதி ஒட்சிசனைக் காவ முடியாமற் போனதன் அடையாளம் அது. உடனே நீரில் ஒரு பகுதியை மாற்றிச் சிறிது உப்புக் கரைக்க வேண்டும். உப்பிலுள்ள குளோரைட்டு, பூவின் வழியே நைத்திரைற்று உட்புகுவதைத் தடுக்கும்.

கையேட்டில் ஒன்றைக் கட்டாயம் திருத்துங்கள், ரீச்சர். நைத்திரேற்று தென்பட்டால் தொட்டி பழகிவிட்டது என்று பிறநாட்டு நூல்களைப் பார்த்து எழுதிவிட வேண்டாம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் பசளையாலும் மலக்குழிக் கசிவாலும் நைத்திரேற்று முன்பே மிகுந்திருக்கிறது. நீர் நிரப்பிய அன்றே பரிசோதனைக் குழாய் நிறம் காட்டும். தீனியிட்டு வரும்போதே அமோனியா, நைத்திரைற்று இரண்டும் ஏறி இறங்கிப் பூச்சியமாவதுதான் இங்கே நம்பத்தக்க அடையாளம்.

மானிப்பாயிலிருந்து:

திருத்தம் மிகச் சரி, சொல்தான் ஆபத்து. புதுச் சீமெந்துத் தொட்டியில் வாழைக்குற்றி போட்டு ஊறவிட்டுக் காரம் போக்குவதும் பழக்குதல். வாங்கிய மீனைப் பையோடு மிதக்கவிட்டு வெப்பநிலைக்கு இசையச் செய்வதும் பழக்குதல். நடுவில் இதுவும் பழக்குதல் என்றால், முதலாவதை முடித்தவன் நேரே மீனை விடுவான். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் 1875இல் வந்த இரசாயன நூல் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் பெற்றது. பிறமொழி ஒலியால் தமிழ் குறைந்துவிடவில்லை.

உரும்பிராயிலிருந்து:

இந்தக் குழப்பத்துக்கு இலக்கணம் வழிகாட்டுகிறது. பழகு தன்வினை, பழக்கு பிறவினை. சீமெந்தையும் மீனையும் நாம் பழக்குகிறோம். நீரோ, பற்றீரியா தானே வந்து பெருகுவதால், தானே பழகுகிறது. எனவே ‘நீர் பழகல்’ என்க. பழகு, பழமை, பழம், பழுது ஆகியவற்றின் வேர் ஒன்றே என்பது என் நெடுநாட் கருத்து. அதனை விரித்து வேறு மடலில் எழுதுவேன்.

கோப்பாயிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் ஒருவர் ‘நுண்ணுயிர்க் குடியேற்றம்’ என்று எழுதியிருந்தார்; குடியேற்றம் எங்கள் பிள்ளைகளின் காதில் வேறு பொருளோடு விழும் என்பதால் விட்டுவிட்டேன். பெரும்பாலானோர் ‘நீர் பழகல்’ என்பதனை ஏற்பதால் அதனையே எழுதுகிறேன். சீமெந்துக்குக் ‘காரம் போக்கல்’, மீனுக்கு ‘இசைவித்தல்’ எனப் பிரித்துவிடுகிறேன், சேர்.

மானிப்பாயிலிருந்து:

பிரித்தது நல்லது. என் மறுப்பு இன்னும் நிற்கிறது, பிள்ளை. பழகுவது நீரன்று. பற்றீரியா பெரும்பாலும் வடிகட்டிக் கல்லிலும் தொட்டிச் சுவரிலும் ஒட்டி வாழ்கிறது. நீரில் மிதப்பது சொற்பம். ‘நீர் பழகல்’ என்று படித்தவன் பழைய தொட்டியிலிருந்து ஒரு வாளி நீரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டு வேலை முடிந்ததென்று இருப்பான். கல்லையோ குளோரின் கலந்த குழாய்நீரில் தேய்த்துக் கழுவிவிடுவான். என் சொல்லை ஏற்காவிட்டாலும் ‘தொட்டி பழகல்’ என்றாவது மாற்ற இயலுமா என்று பார்.