வர்ணத்தின் நடுவில் ரெக்கார்டிங் நின்றுவிடுகிறது, உதவி தேவை

கேள்வி (புதுக்கண்):
சனிக்கிழமை சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு பிஜிபி மண்டபத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம், இரண்டரை மணி நேரம். டிஎஸ்எல்ஆர் கேமராவில் 1080, 25பி (நொடிக்கு 25 பிரேம்) வீடியோ. ஒத்திகையில் வர்ணம் (நிகழ்ச்சியின் நீண்ட உருப்படி) நடுவில் பதிவு தானாகவே நின்றது. பேட்டரி பாதிக்கு மேல், 64 ஜிபி கார்டிலும் இடம் இருந்தது. சூடா, கார்டா?

பதில் (மூன்றுகால்):
நின்ற ஃபைலின் நீளத்தைப் பாருங்க. சில நிமிடத்தில் நின்றால் கார்டு வேகம் போதாது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நேரத்தில் நின்றால் சூடு. சரியாக 29:59 என்றால் இரண்டுமே இல்லை, கேமராவின் வரம்பு.

புதுக்கண்:
29:59தான் அண்ணே. மெனுவில் மாற்ற முடியுமா?

மூன்றுகால்:
கேனான் 80டி போன்றவற்றில் முடியாது. 30 நிமிடத்துக்கு மேல் பதிந்தால் ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் சுங்கவரி போட்டது. அதனால் வந்த வரம்பு.

அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் ஆகிய சிறிய உருப்படிகளுக்குக் கவலை இல்லை. உருப்படி முடிந்து கைதட்டும்போது நிறுத்தி உடனே அழுத்துங்க. சிக்கல் வர்ணத்தில்தான், அரை மணியைத் தாண்டும். அறிவிப்பு முடிந்ததும் புதிதாகத் தொடங்குங்க. 25ஆவது நிமிடத்துக்குப் பிறகு வரும் தீர்மானம் (ஜதிக்கு ஆடும் பகுதி) முடிந்து, அடுத்த வரி பாடத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்க. சஞ்சாரியில் (வரியின் பொருளை விரித்து அபிநயிக்கும் இடம்) கை வைக்காதீங்க, அபிநயம் போனால் திரும்ப வராது.

நிறுத்தி மறுபடி அழுத்தும் அந்த மூன்று நொடி இடைவெளியை மூட இரண்டாவது கேமரா வேண்டும். சோனி ஏ6400க்கு நேர வரம்பு இல்லை. முழு மேடையும் தெரிய வைத்து, யூஎஸ்பி சார்ஜரில் போட்டு, ‘ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்’பை (எவ்வளவு சூடானால் தானாக அணையும் என்ற அமைப்பு) ‘ஹை’ ஆக்குங்க. சூடாகும் என்பதால் முக்காலியில் மட்டும், கையில் பிடிக்கக் கூடாது. 50 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 50 மெகாபிட்) மணிக்கு 22.5 ஜிபி, இரண்டரை மணிக்கு 56. 64 இழுபறி, 128 ஜிபி போடுங்க.

பதில் (தாளக்காது):
சத்தம் கேமராவை நம்பி இருக்கக் கூடாது. மிக்சரின் லைன் அவுட்டை ரெக்கார்டரின் லைன் இன்புட்டுக்குக் கொடுத்து, நிறுத்தாமல் ஓட விடுங்க. மைக் இன்புட்டில் போட்டால் சத்தம் உடைந்துவிடும். நட்டுவாங்கத் தாளம் உச்சத்தில் அடிக்கும்போது ரெக்கார்டர் மீட்டர் மைனஸ் 12 டிபி காட்டும்படி வைங்க. கேமரா மைக்கும் ஓடட்டும், பிறகு ஒலியைப் பொருத்த அதுதான் உதவும்.

டிஎஸ்எல்ஆருக்கு டம்மி பேட்டரி (பேட்டரி இடத்தில் போட்டு சுவர் மின்சாரத்தில் ஓட்டுவது) வாங்குங்க. சுவர் பிளக், அரங்க விளக்கை அணைத்தால் சேர்ந்து அணைகிறதா என்று முன்கூட்டியே சோதிக்கணும். ஷட்டர் 1/50, இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 1/60 வைத்தால் சில விளக்குகளில் பட்டை ஓடும்.

புதுக்கண்:
32 ஜிபி கார்டில் ஃபைல் துண்டு துண்டாக வருகிறதே?

மூன்றுகால்:
அந்தக் கார்டின் ஃபார்மட் ஃபேட்32, 4 ஜிபிக்கு ஒரு ஃபைல். 30 எம்பிபிஎஸ்ஸில் சுமார் 18 நிமிடம். பதிவு நிற்கவில்லை, எடிட்டிங்கில் வரிசையாக ஒட்டுங்க. 64 ஜிபி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்தால் எக்ஸ்ஃபேட் ஃபார்மட் ஆகும், துண்டாகாது.