வேட்டை நாய் சங்கத்தின் வருடாந்திரப் பொதுக்குழு: முதல் முறை நடத்துகிறேன், யோசனை சொல்லுங்கள்

கேள்வி: கீழக்கரைக் கன்னிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கன்னி, சிப்பிப்பாறை என்ற நாட்டு வேட்டை நாய்களை வளர்ப்பவர்கள் சேர்ந்து பதிவு செய்து நடத்தும் ஒரு சின்னச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர் சவூதிக்குப் போய்விட்டார், அந்த இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, முதுகுளத்தூர், இந்தப் பக்கம் உச்சிப்புளி வரைக்கும் 64 உறுப்பினர்கள். பாதிப் பேர் கடல் தொழில். ஆட்டுக்கிடை வைத்திருப்பவர்கள் இருபது பேர் இருப்பார்கள். மற்றவர்கள் கடை, வாத்தியார் வேலை, பனைத் தொழில் என்று கலந்து இருக்கிறார்கள். வருடாந்திரப் பொதுக்குழுவை நான்தான் நடத்த வேண்டும்.

போன வருடம் நடந்ததைச் சொன்னால்தான் என் கவலை புரியும். ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம், அவரவர் நாயையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு பெட்டை பருவத்தில் இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டு கடுவன்கள் (ஆண் நாய்கள்) முட்டிக்கொண்டதில் விலக்கப் போன ஒருவருக்குக் கையில் ஐந்து தையல். அது அடங்கி உட்கார்ந்ததும் பொருளாளர் வரவு செலவை மடமடவென்று படித்தார், தடுப்பூசி முகாமுக்கு 14,000 ரூபாய் என்றதும் முதுகுளத்தூர்க்காரர் ஒருவர் எழுந்து பில் எங்கே என்று கேட்டார். பில் வீட்டில் இருந்தது. பணம் ஒழுங்காகத்தான் செலவாகியிருந்தது, அடுத்த நாள் பில்லைக் காட்டவும் செய்தார், ஆனால் அன்றைக்கு அந்த மனுஷன் பட்ட அவமானத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அப்புறம் வழக்கமான சண்டை: கன்னி தனி இனமா, சிப்பிப்பாறையில் ஒரு நிறமா? இரண்டு மணி நேரம். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகி ஆளாளுக்குக் கிளம்ப, நிர்வாகிகள் தேர்தல் நடக்கவே இல்லை.

தலைவர் காக்காவுக்கு (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) 70 வயது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் விலகிவிடுவேன் என்கிறார். எந்தத் தேதி வைக்கலாம், நாயைக் கூட்டிவரச் சொல்லலாமா, ஓட்டு யாருக்கு, இந்தக் கன்னிச் சண்டையை என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: சாயல்குடி பழைய செயலாளர்

தம்பி, நான் நாய்ச் சங்கம் நடத்தியதில்லை, வேறு ஒரு சங்கத்தில் பதினொரு வருடம் செயலாளராக இருந்தேன். கூட்டத்தில் வரும் சண்டையில் பாதி கூட்டத்துக்கு முன்னால் செய்யாமல் விட்ட வேலையால் வருவது, அதனால் அங்கே இருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் உறுப்பினர் பதிவேட்டை எடுங்கள். 64 என்கிறீர்களே, அதில் சந்தா கட்டியவர் எத்தனை, ஊரை விட்டுப் போனவர் எத்தனை, இறந்தவர் யாராவது இருக்கிறாரா என்று ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். யாருக்கு ஓட்டு உண்டு என்று உங்கள் துணைவிதியில் எழுதியிருக்கும், அதை அப்படியே அழைப்பிலும் போட்டுவிடுங்கள். "சந்தா பாக்கி உள்ளவர் ஓட்டுப் போட முடியாது" என்று மண்டப வாசலில் வைத்து ஒருவரிடம் சொன்னால், விதி உங்கள் பக்கம் இருந்தாலும் அது அவமானப்படுத்தியதாகத்தான் ஆகும். பாக்கி உள்ளவர்களுக்கு ஒரு மாதம் முன்னாலேயே நீங்களே போன் போடுங்கள்.

கணக்கு. மார்ச் 31-ல் வருடம் முடிகிறது, ஏப்ரலிலேயே தணிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள். தணிக்கை முடிந்த கணக்கை ஒரே தாளில் அடித்து அழைப்போடு சேர்த்து எல்லோருக்கும் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் போடாமல் வயதானவர்களுக்குக் கையிலும் கொடுங்கள். கூட்டத்தன்று ஒரு மணி நேரம் முன்னாலேயே பில் ஃபைலை ஒரு மேசையில் வைத்து, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள் என்று விட்டுவிடுங்கள். முதுகுளத்தூர்க்காரரை நீங்களே கூப்பிட்டு அந்த மேசையில் உட்கார வையுங்கள், அவர் கேட்டதில் தப்பே இல்லை. பொருளாளருக்கும் அதுதான் பாதுகாப்பு.

தேர்தல் நடக்கவில்லை என்பதை லேசாக விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி நிர்வாகக்குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது, திரும்ப அவர்களையே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆள் மாறினால் மாவட்டப் பதிவாளருக்குப் படிவம் போக வேண்டும். அதனால் தேர்தலைக் கடைசியில் வைக்காதீர்கள். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்து ஒப்புதல், கணக்கு, உடனே தேர்தல். பேச்சு, பாராட்டு, சால்வை எல்லாம் அதற்கப்புறம்.

கன்னி விவகாரத்துக்கு ஒரு வார்த்தை. அதைக் கூட்டத்தில் பேச வேண்டும் என்பவர் தீர்மானமாக எழுதி, இன்னொருவர் வழிமொழிந்து, முன்னதாகவே உங்களிடம் தரட்டும். சங்கத்தின் பெயரையோ நோக்கத்தையோ மாற்றச் சொன்னால் அது சிறப்புத் தீர்மானம், 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும், வந்து ஓட்டுப் போடுபவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். எழுதித் தராவிட்டால் அன்றைக்கு அது கிடையாது என்று தலைவர் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

பதில் 2: உச்சிப்புளி அக்கா

நாய்களைக் கூட்டிவரச் சொல்லவே சொல்லாதீர்கள் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். கடி, சண்டை அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து, அதைவிடப் பெரியது தெரியாமல் வருவது. நான்கு வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு கூட்டத்துக்கு என் இரண்டரை மாதக் குட்டிகள் மூன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன், ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சினார்கள், தரையிலும் விட்டேன். ஐந்தாம் நாள் வாந்தி, ரத்தக் கழிச்சல். பார்வோ என்ற வைரஸ் நோய். இரண்டு போய்விட்டது, ஒன்றை மட்டும் டிரிப் ஏற்றிக் காப்பாற்றினோம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும், பினாயில் ஊற்றிக் கழுவினாலும் சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். பல ஊர் நாய்கள் ஒரே வளாகத்தில் நடந்துபோன இடத்தில், தடுப்பூசி முழுசாக முடியாத குட்டிக்கு இடமே இல்லை. குட்டிக்கு ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரைக்கும் தவணை தவணையாகப் போட்டால்தான் பாதுகாப்பு நிற்கும்.

நாயைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை இருக்கத்தான் செய்யும், அது இல்லாமல் இந்தச் சங்கமே இல்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள், தை மாசி மாதத்தில் காலை ஏழு மணிக்குத் திறந்த மைதானத்தில், வெறிநாய்த் தடுப்பூசி உட்பட ஊசி அட்டை இருந்தால்தான் உள்ளே, பருவத்தில் இருக்கும் பெட்டை வரக்கூடாது, ஒரு நாய்க்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழைத்து மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சில்லு) போடலாம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிய வேண்டுமென்றால் எப்படியும் சிப் வேண்டும்.

பதில் 3: மூக்கையூர் கடல்

தேதிக்கு நான் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் கரையில்தான் இருப்போம். ஜூன் முதல் ஞாயிறு வையுங்கள், அதற்குள் உங்கள் தணிக்கையும் முடிந்துவிடும். ஆனால் நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை, காலையில் கடலுக்குப் போயிருப்பார்கள். பனையேறிகளுக்கும் அது பதநீர்க் காலம், காலையில் மரத்தில் இருப்பவரைக் கூட்டத்துக்கு வா என்றால் எப்படி வருவார்? காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்து ஒன்றரைக்குள் முடித்துச் சாப்பாடு போடுங்கள், அதுதான் எல்லோருக்கும் தோது. ஏர்வாடி சந்தனக்கூடு பிறைக் கணக்கில் வருவது, வருடா வருடம் தள்ளும், அது எந்த நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் போன மாதம் ஒரு பையன் நாய் முயலைக் கவ்விக்கொண்டு நிற்கிற படத்தைப் போட்டான், கீழே நாற்பது பேர் கைதட்டினார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முயல் வேட்டை குற்றம். என் அப்பா, தாத்தா காலத்தில் கருவேலங்காட்டில் விடிய விடிய போனார்கள், அது எனக்கும் தெரியும், அந்த ஓட்டம் இந்த நாயின் ரத்தத்தில் இருப்பதும் தெரியும். ஆனால் அந்தப் படம் ஒன்று போதும், சங்கமே சிக்கிக்கொள்ளும். வேட்டைப் படம் போடுபவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். நாய்க்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை. எங்கள் சித்தப்பா கிடையில் இரண்டு கன்னிகள் இருக்கின்றன, நரி அந்தப் பக்கம் தலை காட்டுவதில்லை.

பதில் 4: கமுதி கரிசல்

மேலே எல்லோரும் நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் கூட்டத்தை எதற்காகக் கூட்டுகிறோம் என்பது இன்னும் வரவில்லை. கணக்கும் தேர்தலும் அரை மணி நேர வேலை. ஒரு இனச் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை கூடி உட்கார்ந்து பார்க்க வேண்டியது ஈத்துப் பதிவேடு, அதாவது எந்தப் பெட்டை எந்தக் கடுவனுக்கு எத்தனை குட்டி ஈன்றது என்ற கணக்கு. உங்களிடம் அது இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னதற்கப்புறம் எங்கள் பக்கம் குட்டி கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள். கேட்பவர் கூடினால் ஒரே பெயர்பெற்ற கடுவனிடம் எல்லோரும் பெட்டையைக் கொண்டுபோய் விடுகிறார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு சாம்பல் கடுவன் இருந்தது, என்ன ஓட்டம் தெரியுமா, நானும் என் பெட்டையை அதற்குத்தான் விட்டேன். மூன்று வருடம் கழித்து என் வீட்டுக் குட்டிக்கு நல்ல ஜோடி என்று தேடிப் பிடித்த நாய்க்கும் அப்பன் அதே சாம்பல் என்று ஈத்து போட்ட பிறகுதான் தெரிந்தது. ஏழு குட்டியில் இரண்டுக்குத் தாடை சேரவில்லை, பாலே குடிக்க முடியாமல் போய்ச் சேர்ந்தன. யாரிடமும் எழுத்தில் எதுவும் இல்லாததால் வந்தது இது.

ஒரு நோட்டு போதும். தாய், தகப்பன், இருவரின் சிப் எண், இணை சேர்ந்த தேதி, ஈன்ற தேதி, எத்தனை குட்டி, எத்தனை தங்கியது, ஒவ்வொன்றின் நிறம், குறை ஏதாவது உண்டா, எந்த ஊருக்குப் போனது. சினை 63 நாள் கணக்கு என்பதால் தேதி இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தாலே பொய் எழுதியது தெரிந்துவிடும். 2017 நாய் வளர்ப்பு விதிகளில் 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக்கூடாது, ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று இருக்கிறது. இந்த நோட்டு இருந்தால் அதையும் உறுப்பினர்கள் மீறாமல் பார்த்துக்கொள்ளலாம். கூட்டத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒருவர் எழுந்து அந்த வருட ஈத்துகளைப் படிக்கட்டும், முக்கியமாகச் செத்ததையும் குறை உள்ளதையும் மறைக்காமல் படிக்கட்டும். முதலில் தலைவர் தன் வீட்டு ஈத்தைப் படித்தால் மற்றவர்களுக்குக் கூச்சம் போகும்.

கன்னிச் சண்டையும் இதில்தான் அடங்கும். கறுப்பும் பழுப்புமாக இருக்கும் கன்னியும் செவலைச் சிப்பிப்பாறையும் சேர்ந்த ஈத்தில் என்ன என்ன நிறம் விழுந்தது, கன்னிக்குக் கன்னி சேர்ந்ததில் என்ன விழுந்தது என்று பத்து வருடம் எழுதி வைத்தால், அப்புறம் பேசுபவர் கையில் ஏதாவது இருக்கும். இப்போது இரண்டு பக்கமும் தாத்தா சொன்னதைத்தான் சொல்கிறார்கள், என் தாத்தா ஒன்று சொன்னார், உங்கள் தாத்தா வேறு சொல்லியிருப்பார்.

மறுமொழி: கீழக்கரைக் கன்னிக்காரன்

அண்ணே, அக்கா, எல்லோருக்கும் நன்றி. நேற்று தலைவர் காக்கா வீட்டில் உட்கார்ந்து இதை எல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஜூன் முதல் ஞாயிறு, காலை 11 மணி என்று முடிவு. நாய் கிடையாது. மாசியில் தனியாக மைதானத்தில் வைக்கலாம் என்கிறார். கணக்கு, தேர்தல், வேட்டைப் படத் தீர்மானம், அப்புறம் மிச்ச நேரம் முழுக்க ஈத்துப் பதிவேடு. தன் வீட்டில் போன ஐப்பசியில் விழுந்த ஐந்தில் ஒன்று செவிடு என்று இதுவரை யாரிடமும் சொல்லாததை அவரே முதலில் படிக்கிறேன் என்று சொன்னார்.

ஒரு சந்தேகம் மட்டும். பழைய ஈத்துகளை எழுதச் சொன்னால் பலருக்குத் தேதி ஞாபகம் இருக்காது, அதை எப்படி எடுப்பது?

பதில்: கமுதி கரிசல்

தேதி கேட்காதீர்கள், "அப்போது ஊரில் என்ன நடந்தது" என்று கேளுங்கள். கொடை முடிந்த வாரம், கஜா புயலுக்கு மறுநாள், மகள் கல்யாணத்துக்கு முந்தின மாதம் என்று சொல்வார்கள், அதை அப்படியே எழுதிக்கொண்டு வீட்டில் வந்து காலண்டரில் பாருங்கள். உறுதியாகத் தெரியாததைப் பென்சிலில் எழுதுங்கள்.

பதில்: சாயல்குடி பழைய செயலாளர்

நல்லது தம்பி. வருகைப் பதிவேட்டை வாசலிலேயே வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் என்று விட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள். கைநாட்டு வைக்கிற பெரியவர்கள் இருப்பார்கள், மை டப்பா ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.