புதுப்பிப்பு: விடியற்காலையில் செத்த கால்வாய் மீன்கள்

கன்னடியன் கால்வாய் மதகடியில் பிடித்துவந்த, கல்லில் ஒட்டி வாழும் சிறு மீன்கள் தொட்டியில் காரணமே தெரியாமல் சாகின்றன, மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியாவின் சோதனையும் பூஜ்யம் காட்டுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

சாவு நின்றுவிட்டது. "செடியை நம்பாதீர்கள், ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும்" என்ற பாளையங்கோட்டை அண்ணாச்சியின் யோசனைதான் பலித்தது. விளக்கை அணைத்த பின் செடிகளும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகிறது. 30 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். பாய்ந்தோடும் தண்ணீரில் பழகிய மீனுக்கு, நம் ஊர்க் கோடையில் அதுவும் குறைந்தால் என்ன ஆகும்! உப்புப் போடச் சொன்னவர்கள் கோபிக்க வேண்டாம், அதனால் எதுவும் மாறவில்லை.

அதே வலையில் வந்த அயிரைகள் மட்டும் எப்படித் தப்பின என்பதும் புரிந்தது: அவை மேலே வந்து காற்றை விழுங்கி, குடல் வழியாகவும் சுவாசிக்கும்.

எதிர்பாராத ஒன்று: பம்ப் வைத்த பிறகும் சில மீன்களுக்கு வயிறு ஒட்டிப்போனது. கடைத் தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மொட்டைமாடி வாளியில் பாசி பிடிக்கவைத்த கூழாங்கற்களைப் போட்டேன். அன்று மாலையே கல்லைச் சுரண்டித் தின்னத் தொடங்கிவிட்டன.