பெயர்வாரிப் பட்டியல், தேக்கமற்ற நிலை: வீடின்மை குறித்த கலைச்சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம். வீடற்றோருக்கு உதவும் அமெரிக்க அமைப்புகள் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் வரைவு பற்றி ஒரு நண்பர் கேட்டதும் என் பதிலும் கீழே.

> ‘பை நேம் லிஸ்ட்’ என்பதற்குப் ‘பயனாளிகள் பட்டியல்’ போதாதா? ‘ஃபங்ஷனல் ஜீரோ’வுக்குச் ‘செயல்முறைச் சுழியம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

போதாது என்றே நினைக்கிறேன். பயனாளி என்றால் ஏற்கெனவே ஏதோ ஒன்றைப் பெற்றவர். இந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கோ இன்னும் வீடு கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் ஜனவரி மாதத்தில் ஓர் இரவு வீடற்றோரை எண்ணுகிறார்கள். 2024இல் அப்படி எண்ணியதில் 7,71,480 பேர். நாட்டின் நிலைமையை அந்த எண் சொல்லும். ஆனால் பாலத்தடியில் படுத்திருக்கும் ஒருவருக்கு நாளைக் காலையில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாது. அவர் பெயரைக் காப்பகம் ஒரு நோட்டில் எழுதியிருக்கும், மருத்துவமனை இன்னொன்றில், முன்னாள் படைவீரர் அலுவலகம் வேறொன்றில். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. வீடின்மையை ஒழிக்க முயலும் ‘பில்ட் ஃபார் ஜீரோ’ இயக்கத்தில் சேர்ந்த ஊர்கள் இந்த நோட்டுகளை ஒன்றாக்கின. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், எங்கே தூங்குகிறார், எவ்வளவு காலமாக, உடம்புக்கு என்ன, படையில் இருந்தவரா, வாடகைக்கு வீடு எடுக்க எந்தச் சான்றிதழ் இல்லை, அதை வாங்கித் தரும் பொறுப்பு யாருடையது. எல்லா அமைப்பினரும் ஒன்றாக உட்கார்ந்து அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பேசி முடிக்கிறார்கள். இலினாய் மாநிலத்து ராக்ஃபோர்ட் நகரம் இப்படித்தான் 2015 முடிவில் முன்னாள் படைவீரர்கள் விஷயத்திலும், 2017 தொடக்கத்தில் நாள்பட்ட வீடின்மையிலும் ‘ஃபங்ஷனல் ஜீரோ’ என்ற இலக்கை எட்டியது.

ஆகவே ‘பெயர்வாரிப் பட்டியல்’ என்பதே என் தேர்வு. ஊர்வாரி, வார்டுவாரி என்று நாம் தினமும் சொல்கிறோம், விளக்கம் தேவைப்படாது. ‘பெயரேடு’ என்று ஒரு நண்பர் சொன்னதும் அழகான சொல்தான். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் கணக்கியலில் வரும் பேரேடு என்றே காதில் விழுகிறது.

அப்புறம், பட்டியலுக்குள் வருவோரும் அதைவிட்டுப் போவோரும். புதிதாக வீடிழந்து சேர்வோரை ‘வரத்து’ எனலாம். அணைச் செய்திகளில் பழகிய சொல். ஆனால் அதே செய்தியிலிருந்து ‘வெளியேற்றம்’ என்பதை எடுத்துவிடக் கூடாது. குடிசைகளை இடித்து ஆட்களைத் துரத்துவதற்கும் நம் ஊரில் அதுதானே சொல்? ஒருவருக்கு வீடு கிடைத்ததை அந்தச் சொல்லால் குறிப்பதை என்னால் ஏற்கவே முடியாது. ‘குடிபுகல்’ இருக்கட்டும்.

‘செயல்முறைச் சுழியம்’தான் எனக்குப் பெரிய சிக்கல். முன்னாள் படைவீரர்களுக்கு இந்த இயக்கம் வைத்திருக்கும் அளவுகோல் இது: எந்த நேரத்திலும் வீடின்றி இருப்போர் எண்ணிக்கை, அந்த ஊர் ஒரு மாதத்தில் வழக்கமாகக் குடிவைக்கும் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. ஒருவர்கூட இருக்க மாட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதமும் யாரோ வேலையிழப்பார், மணமுறிவு வரும், வாடகை கட்ட முடியாமல் போகும். ‘சுழியம்’ என்று படித்த தமிழ் வாசகர் மறுநாளே தெருவில் ஒருவரைப் பார்த்தால் எல்லாமே பொய் என்றுதான் நினைப்பார். நீதிமன்றங்களில் வழக்குத் தேக்கம் என்று எழுதுகிறோம். தேக்கம் இல்லை என்றால் வழக்கே வரவில்லை என்று பொருளா? வருபவை உடனுக்குடன் முடிகின்றன என்றுதானே பொருள். அதனால் ‘தேக்கமற்ற நிலை’ என்று முன்மொழிகிறேன்.

—

> சொல் நன்று. ஆனால் பூஜ்யம் என்ற இலக்குதானே அந்த ஊர்களை ஓட வைத்தது? தமிழில் அந்த வேகம் போய்விடாதா? இன்னொன்று, அமைப்புகள் பகிர்ந்துகொள்ளும் தரவைப் ‘பொதுத் தரவு’ எனலாமா?

ஐயா, வேகம் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. இயக்கத்தின் பெயரில் ‘ஜீரோ’வை அப்படியே விட்டுவிடலாம். அளவுகோலுக்கு மட்டும் தேக்கமற்ற நிலை. அதிகாரி ஒருவர் “எட்டிவிட்டோம்” என்று அறிவிக்கும்போது, எதை எட்டினார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

‘பொதுத் தரவு’ மட்டும் வேண்டாம், ஐயா. பொது என்றால் எவரும் பார்க்கலாம் என்றாகிவிடும். வெளியில் படுத்து உறங்குவோரைத் தண்டிக்க நகரங்களுக்குத் தடையில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரான்ட்ஸ் பாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட நாட்டில் எவர் எங்கே தூங்குகிறார் என்ற பட்டியல் தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும்? உதவி செய்யும் அமைப்புகளுக்குள், அவரவர் இசைவோடு மட்டும் கைமாறுவது இது. ‘பகிர்தரவு’ என்போம்.

கடைசியாக ஒரு சொல் பாக்கி இருக்கிறது. சிலர் நெடுநாள் கண்ணில் படமாட்டார்கள். ஊரைவிட்டுப் போனாரா, மருத்துவமனையில் கிடக்கிறாரா, ஒன்றும் தெரியாது. அவர்களை நடப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் திரும்பி வந்தால் மறுபடியும் வரத்தில் சேர்ப்பார்கள். வரைவில் ‘நீக்கப்பட்டோர்’ என்று இருக்கிறது. ‘தொடர்பறுந்தோர்’ என்று மாற்றலாமா? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.