மறு: மீனைக் கொல்லும் முன் ‘ஸ்டன்னிங்’ – மயக்கமூட்டலா, உணர்வகற்றலா?

> ‘மயக்கமூட்டல்’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். நாம் சொல் தேடுவது ‘ஸ்டன்னிங்’குக்கு, அதாவது அறுக்கும்போது மீனுக்குத் தெரியாதபடி முன்கூட்டியே அதன் உணர்வைப் போக்குவதற்கு. தாய்மீனுக்கு ஊசி போட கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விடுகிறார்களே, அதுதான் மயக்கமூட்டல். அப்புறம் நல்ல தண்ணீரில் விட்டால் தெளிந்து நீந்தும். ‘மின்னதிர்ச்சி’யும் பாதிக்குத்தான் பொருந்தும். நார்வே சால்மன் ஆலைகளில் மின்சாரமும் உண்டு, மண்டையில் ஒரே போடாகப் போடும் எந்திரமும் உண்டு.

எனக்கு முக்கியமாகப் படுவது, சொல்லில் ‘உணர்வு’ இருந்தே ஆக வேண்டும் என்பது. அதே நார்வேயில் முன்பு கரியமில வாயு கலந்த தண்ணீரில் சால்மனை விடுவார்கள். துள்ளித் துடித்துச் சில நிமிடத்தில் ஓய்ந்துவிடும், ஆனால் அசைவு நின்ற பிறகும் உணர்வு இருக்கும், அந்த நேரத்தில் செவுளை அறுத்தால் மீனுக்குத் தெரியும். இப்போது அந்த முறைக்குத் தடை. மின்சாரம் போதாமல் போனாலும் இதே கதைதான்: உடம்பு விறைத்துக் கிடக்கும், மூளை விழித்திருக்கும். உணர்வு இருக்கிறதா என்று பார்க்க மீனைப் பக்கவாட்டில் சாய்ப்பார்கள், இருந்தால் கண் உடம்போடு சாயாமல் நேராக நிற்கப் பார்க்கும், செவுள்மூடியும் அடித்துக்கொண்டிருக்கும். (விறைத்துப்போன மீனிடம் இந்தச் சோதனையும் ஏமாற்றும்.)

ஆகவே ‘உணர்வகற்றல்’. இதே பேச்சில் அக்கா ஒருவர் சொன்ன ‘உணர்விழப்பை’யும் தள்ள வேண்டாம், அது மீனுக்கு நேர்வது, இது நாம் செய்வது. மத்தியதரைக் கடல் பண்ணைகளில் பலர் சீபாஸ் மீனை உயிரோடு ஐஸ் தண்ணீரில் கொட்டுகிறார்கள், உணர்வு போக நிமிடக்கணக்கில் ஆகும். அங்கே உணர்விழப்பு நடக்கிறது, யாரும் உணர்வகற்றவில்லை.

> அகற்றினால் திரும்பி வராது என்று ஆகிவிடாதா? மின்சாரம் கொடுத்த மீன் தெளிகிறதே.

தெளியும், அதனால்தான் தாமதிக்காமல் செவுளை அறுத்து இரத்தத்தை வடிக்கிறார்கள். அதற்கு ‘உணர்வு மீளல்’ போதும். “உணர்வகற்றிய உடனே செவுளை அறுக்கவும், உணர்வு மீண்டால் மறுபடி உணர்வகற்றவும்” என்று கையேட்டு நடையில் எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. ஜப்பானியரின் இகேஜிமே, அதாவது மூளையில் கூர்முனை குத்தித் தண்டுவடத்தில் கம்பி விடுவது, அந்தப் பெயரிலேயே இருக்கட்டும்.

மண்டையில் போடும் முறைக்கு ‘தலையடி உணர்வகற்றல்’ என்பது மட்டும் நீளமாகப் படுகிறது. சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.