பொருள்: பறக்கும் காருக்குத் தமிழ் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்பர்களே, வணக்கம்.

மாணவர்களுக்கான அறிவியல் தொகுப்பு ஒன்றுக்காகப் பன்னிரண்டு பக்கக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மின்கலத்தில் இயங்கும் பறக்கும் கார்களைப் பற்றியது. பெரும்பகுதி, கலிபோர்னியாவின் அலெஃப் ஏரோநாட்டிக்ஸ் என்ற புத்தொழில் நிறுவனமும் அதன் ‘மாடல் ஏ’ வண்டியும்தான். வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது.

மூலத்தில் மூன்று பெயர்கள் வருகின்றன. ஒன்று, எல்லோரும் அறிந்த ஃபிளையிங் கார். இரண்டாவது ரோடபிள் ஏர்கிராஃப்ட், அதாவது சாலையிலும் ஓடக்கூடிய வானூர்தி; சட்டம் பேசும் இடங்களில் மட்டும். மூன்றாவது ஈவிடோல், அதாவது ஓடுபாதை கேட்காமல் நின்ற இடத்திலேயே நேராக எழும்பி நேராக இறங்கும் மின்விமானம். அவசரத்தில் மூன்றுக்கும் ‘பறக்கும் கார்’ என்றே போட்டுக்கொண்டு போய்விட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் ஒரே ஒரு வாக்கியத்தைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பியனுப்பினார்:

“எல்லாப் பறக்கும் கார்களும் பறக்கும் கார்கள் அல்ல.”

ஓரத்தில் ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை. சுழித்ததோடு சரி.

இன்னொன்று. படத்தில் பெயர் எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. பத்து எழுத்துக்குமேல் நுழையாது. கைகொடுங்கள்.

வானூர்திப் பொறியாளர் எழுதியது:

அம்மா, முதலில் பொருளைப் பிரித்துக்கொள்வோம். சொல் பிறகு வரட்டும்.

ஈவிடோல் என்பது வண்டி எப்படி எழும்புகிறது என்பதைச் சொல்லும் பெயர். பறக்கும் கார் என்பது அது எங்கெங்கே போகும் என்பதைச் சொல்லும் பெயர். ஜோபி, ஆர்ச்சர் நிறுவனங்களின் ஊர்திகள் நேராக எழும்பும், மின்சாரத்தில் பறக்கும், சாலையில் ஓட்ட முடியாது. சுலோவாக்கியாவின் ஏர்கார் அப்படியே தலைகீழ். 2021 ஜூனில் நித்ராவிலிருந்து பிராத்திஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்துபோய், இறங்கியதும் இறக்கையை மடித்துக்கொண்டு ஊருக்குள் காராக ஓடியது. ஆனால் அது எழும்ப ஓடுபாதை வேண்டும். உள்ளே இருப்பது பிஎம்டபிள்யூ பெட்ரோல் எஞ்சின்.

அலெஃபின் வண்டி இரண்டு வகைக்குள்ளும் விழுகிறது. அவர்கள் வடிவமைப்பின்படி, வலைபோன்ற மேலுடலுக்கு அடியில் எட்டுச் சுழலிகள். நேராக எழும்பியபின் வண்டி பக்கவாட்டில் 90 பாகை சாய்ந்துவிடுகிறது. சாய்ந்ததும் அதன் இரண்டு பக்கச் சுவர்களும் மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கையாகிவிடும். நடுவில் இருவர் உட்காரும் கூடு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வதால் உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்தபடியே இருப்பார்கள்.

‘மின்’ என்ற சொல்லைத் தயவுசெய்து கைவிடாதீர்கள். அதில்தான் கதையே இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12,000 வாட்-மணி ஆற்றல். ஒரு கிலோ லித்தியம் மின்கலத்தில் 250 அளவுதான். மாடல் ஏ சாலையில் 320 கிலோமீட்டர், வானில் 177 கிலோமீட்டர் போகும் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. வண்டியும் அதே, மின்கலமும் அதே.

வேர்தேடி எழுதியது:

பெருமக்களுக்கு வணக்கம். இதற்கு ஏன் இத்தனை தவிப்பு? வள்ளுவர் 496ஆம் குறளில் முன்பே யோசித்துவைத்திருக்கிறார்:

கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும்
நாவாயும் ஓடா நிலத்து.

இங்கே ‘கால்’ என்பது சக்கரம். அதே ‘கால்’ காற்றையும் குறிக்கும். சங்கப் பாட்டு படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சக்கரமும் கால், காற்றும் கால். தரையில் ஒரு காலால் ஓடி வானில் இன்னொரு காலால் செல்லும் பொறிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எந்த மொழியில் கிடைக்கும்? ஆகவே ‘இருகாலி’.

மேலும் ஒன்று. பந்தல் – பந்தர், சாம்பல் – சாம்பர் என்று லகரம் ரகரமாகும் போலி நமக்குப் பழக்கமானது. அப்படியானால் கால் – கார்! ஆங்கிலேயர் ‘கார்’ என்று சொல்வது நம் சக்கரத்தைத்தான் என்று ஏன் கொள்ளக் கூடாது? இதுபற்றி விரிவாக ஏழு பகுதிகளில் எழுத எண்ணியிருக்கிறேன்.

இலக்கணப் பித்தன் எழுதியது:

ஐயா, அந்த ஏழு பகுதிகளை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா? ஆங்கிலக் கார், லத்தீன் ‘கர்ருஸ்’ வழியாக வந்தது. லத்தீனுக்கு அது கெல்டியரிடமிருந்து போனது. இறுதிப்போலி நம் பந்தலைவிட்டு அவ்வளவு தொலைவு நடக்காது.

ஆனால் தமிழில் கார் உண்டு என்பது உண்மை. கார் என்றால் கருமேகம். அந்தக் கணக்கில் ‘பறக்கும் கார்’ என்பது பறக்கும் மேகம். மேகம் பறக்காமல் வேறென்ன செய்யும்?

என் பரிந்துரை ‘தரைவானூர்தி’. தரை + வான் + ஊர்தி. ‘நிலவானூர்தி’ என்றுதான் முதலில் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது நிலவுக்குப் போகும் ஊர்தி போலக் கேட்டது. கைவிட்டேன்.

ஆசிரியை எழுதியது:

இயற்பியல் நடத்துகிறவள் என்ற முறையில் இரண்டு சொற்கள்.

இருகாலி வேண்டவே வேண்டாம், ஐயா. முக்காலி, நாற்காலி வரிசையில் வைத்து, “டீச்சர், ஒரு கால் உடைந்துபோன முக்காலியா?” என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு அன்றைய பாடத்தை நான் நடத்தி முடிக்க முடியாது.

தரைவானூர்தியை நேற்றே கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் ‘தரை வா’ என்று நிறுத்திவிட்டு ‘னூர்தி’ என்றால் என்ன என்று கேட்டான். மேலே போனதைத் தரைக்கு வா என்று கூப்பிடுகிறோமாம். பிரித்துக் காட்டியதும் புரிந்துகொண்டான். ஆனால் ‘பறக்கும் கார்’ என்று சொன்னபோது யாருக்கும் எதையும் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பறக்கும் தட்டுக்கு நாம் என்ன குழு அமைத்தா பெயர் வைத்தோம்?

வேர்தேடி எழுதியது:

எளிமை என்ற பெயரில் சோம்பலை வளர்க்கிறோம். நாளை ‘பறக்கும் பஸ்’, மறுநாள் ‘பறக்கும் லாரி’. பேருந்து என்ற சொல்லையும் முதலில் சிரித்தவர்கள் உண்டு. இன்று அது எல்லோர் வாயிலும் இருக்கிறது.

ஆசிரியை எழுதியது:

இருக்கிறது, பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே. மகிழுந்து எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

ஈழத்து அன்பர் எழுதியது:

மகிழுந்து எங்கள் செய்தித்தாள்களில் அவ்வப்போது தலைகாட்டும், சகோதரி.

ஹெலிகாப்டருக்கு நாங்கள் ‘உலங்கு வானூர்தி’ என்கிறோம். உலங்கு என்றால் கொசு என்று அகராதியைப் புரட்டியவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் தலைக்குமேல் சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினார்கள். ‘ஊர்தி’ என்று முடியும் எந்தச் சொல்லுக்கும் என் ஆதரவு உண்டு.

வானூர்திப் பொறியாளர் எழுதியது:

எனக்கொரு ஐயம். ஊர்தல் என்பது தரையை ஒட்டிச் செல்வதல்லவா, எறும்பு ஊர்வது போல? வானில் எப்படி ஊரும்?

இலக்கணப் பித்தன் எழுதியது:

ஊர்தலுக்கு ஏறிச் செலுத்துதல் என்ற பொருளும் உண்டு. சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தானிடை என்ற குறளில் ஊர்ந்தவன் எறும்பு மாதிரியா போனான்? பல்லக்கில் உட்கார்ந்து போனான். வான் வேண்டுமானால் புறநானூறு 27ஆம் பாட்டுக்கு வாருங்கள். நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ‘விசும்பின் வலவன் ஏவா வானவூர்தி’ என்கிறார். புகழோடு வாழ்ந்து முடித்தவர்களுக்குக் கிடைக்கும் ஊர்தி அது. வலவன், அதாவது செலுத்துகிறவன், அதற்குத் தேவையில்லை.

ஈழத்து அன்பர் எழுதியது:

சீவக சிந்தாமணியின் மயிற்பொறியையும், அந்த மயில் வடிவப் பறக்கும் பொறியையும், விட்டுவிடாதீர்கள். சீவகனின் தாய் விசயை அதில் ஏறித்தான் தப்பிக்கிறாள். போய் இறங்கிய இடம் சுடுகாடு. தரையிறக்கத்தில் அன்றைக்கே சிக்கல் இருந்திருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மயிலை ரசித்தேன். ஆனால் வலவனைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இரண்டு நாட்களாக என்னைப் படுத்துகிறது. இந்த வண்டியை ஓட்டுகிறவருக்கு ஓட்டுநர் உரிமமும் வேண்டும், விமானி உரிமமும் வேண்டும் என்கிறது. அதற்கடுத்த பத்தியிலிருந்து அவரை என்னவென்று அழைப்பது? ஓட்டுநர் என்றால் வானத்தில் பொருந்தவில்லை. விமானி என்றால் சாலை விளக்கில் நிற்கும்போது பொருந்தவில்லை. ‘ஓட்டுநர்-விமானி’ என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். பார்க்கவே சகிக்கவில்லை.

இலக்கணப் பித்தன் எழுதியது:

வலவன் என்றே போடுங்கள் அம்மா. அகப்பாடல்களில் தலைவன் ‘வலவ, தேரை விரைந்து செலுத்து’ என்று சொல்வது தரையில். புறநானூறு அதே சொல்லை விசும்புக்கும் கொண்டுபோயிருக்கிறது. இரண்டுக்கும் அவனே ஆள். பன்மை வேண்டுமானால் வலவர்.

வேர்தேடி எழுதியது:

இதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன்.

ஆசிரியை எழுதியது:

எனக்கும் சம்மதம்தான். வியப்பாக இருக்கிறது.

மட்டுறுத்துநர் எழுதியது:

கேட்ட சொல் இன்னும் கிடைக்கவில்லை. கேட்காத சொல்லுக்கு எதிர்ப்பே இல்லை. வாழ்த்துகள். ‘புத்தொழில் நிறுவனம்’ சரியா ‘துளிர் நிறுவனம்’ சரியா என்று தனிமடலில் சண்டையிட்டுக்கொண்டிருக்கும் இருவரும் அதைத் தனிமடலிலேயே வைத்துக்கொள்ளவும். எனக்குப் படி அனுப்ப வேண்டாம்.

வானூர்திப் பொறியாளர் எழுதியது:

ஈவிடோலை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ‘செங்குத்தெழு மின்னூர்தி’ என்று யோசித்தேன். செங்குத்தாக எழும், மின்னால் இயங்கும். குறை இல்லையே?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஒரே ஒரு குறை. பதினோரு எழுத்து. கட்டத்துக்கு வெளியே ‘தி’ தொங்குகிறது.

வானூர்திப் பொறியாளர் எழுதியது:

அப்படியானால் ‘செங்குத்து’ போகட்டும். எழுமின்னூர்தி.

இலக்கணப் பித்தன் எழுதியது:

எழுமின்! உண்மின், செல்மின் போல அதுவும் ஏவல் பன்மைதான். எழுமின்னூர்தி என்றால் ‘எல்லோரும் எழுந்திருங்கள்’ ஊர்தி. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? மின்னை முன்னே கொண்டுவாருங்கள்: மின்னெழூர்தி.

வேர்தேடி எழுதியது:

எழூர்தியா? எழு என்பது முற்றியலுகரம். வகரம் வந்து எழுவூர்தி என்றுதான் ஆக வேண்டும்.

இலக்கணப் பித்தன் எழுதியது:

நன்னூலில் ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று இருக்கிறதே, ஐயா. முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும்.

வேர்தேடி எழுதியது:

ஒரோவழி! சில இடங்களில்! இது அந்தச் சில இடங்களில் ஒன்று என்று தங்களுக்கு யார் சொன்னது?

(இதன்பின் இருவருக்கும் இடையே பதினான்கு மடல்கள். மட்டுறுத்துநர் வேறு இழைக்கு மாற்றிவிட்டார்.)

ஆசிரியை எழுதியது:

அந்த இழையைப் படித்துவிட்டேன். பதினான்காவது மடலில் அளபெடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

வானூர்திப் பொறியாளர் எழுதியது:

பொருளுக்கு ஒன்றும் அவசரமில்லை, நாம்தான் தவிக்கிறோம். பறக்கும் கார் ஒன்றைச் செய்துபார்க்க 1917இலேயே கிளென் கர்ட்டிஸ் முயன்றார்; அது துள்ளியதோடு சரி. மோல்ட் டெய்லரின் ஏரோகார் 1949இல் பறந்தது. 1956இல் அமெரிக்க அரசின் சான்றிதழும் பெற்றது. பிறகும் பரவலாகத் தெருவுக்கு வரவில்லை. காருக்கு மோதினால் தாங்கும் கனம் வேண்டும், வானூர்திக்குக் கனமே கூடாது. வேர்தேடி ஐயா காட்டிய குறள் பெயருக்கு உதவியதோ இல்லையோ, இந்த இழுபறிக்குச் சரியாகப் பொருந்துகிறது. அலெஃபுக்கு 2023 ஜூனில் கிடைத்ததும் சிறப்புத் தகுதிச் சான்றிதழ்தான். குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட நோக்கங்களுக்கு மட்டும் பறக்கலாம். விலை ஏறக்குறைய மூன்று லட்சம் டாலர் என்று அறிவித்து முன்பதிவு வாங்குகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது (வியாழன், இரவு 11:40):

அன்பர்களே, கோப்பை அனுப்பிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

கட்டுரை நெடுகிலும் ‘பறக்கும் கார்’. சட்டப் பகுதியில் மட்டும் ‘தரைவானூர்தி’, முதல் முறை வரும்போது தரை-வான்-ஊர்தி என்று கோடிட்டுப் பிரித்துக் காட்டியிருக்கிறேன், அந்தப் பையனுக்காக. ஈவிடோலுக்கு ‘மின்னெழு ஊர்தி’. நடுவில் இடம்விட்டு எழுதிவிட்டேன், புணர்த்தினால்தானே வம்பு. ஏழு எழுத்து, கட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. வலவர் எல்லா இடத்திலும் வலவர்தான்.

மெய்ப்பாளர் சுழித்த வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: “எல்லா மின்னெழு ஊர்திகளும் பறக்கும் கார்கள் அல்ல.” இந்த முறை சிவப்பு மை இல்லாமல் திரும்பி வந்தது.

வேர்தேடி எழுதியது:

புணர்ச்சிக்கு அஞ்சி இடம்விட்டு எழுதுவது எந்த நூலில் சொல்லப்பட்ட விதி என்று அறிய விரும்புகிறேன். என் வாக்கு இருகாலிக்குத்தான் என்பதையும் பதிவுசெய்துகொள்ள வேண்டுகிறேன். முதல் பகுதியை இணைத்திருக்கிறேன்.