பேட்ஜ் இல்லாத பழைய உலோக ஸ்நேர் டிரம்: இது எந்த மாடல்?

கேட்டவர்:
வணக்கம். சித்தப்பா வாசித்த ஸ்நேர் டிரம் (கீழ்த்தோலில் கம்பிகள் உரசிச் சரசரக்கும் டிரம்) ஒன்று பரணிலிருந்து என் கைக்கு வந்திருக்கிறது. விட்டம் 14 அங்குலம், ஆழம் 5 அங்குலம், 10 லக் (தோலை இறுக்கும் திருகுகளைப் பிடிக்கும் தாங்கிகள்). குரோம் பூசிய ஷெல்லின் (டிரம்மின் உருளை உடல்) நடுவில் புடைப்பாக ஒரு வரை சுற்றி ஓடுகிறது. பேட்ஜைக் காணோம், அது இருந்த இடத்தில் ஒரு துளைதான் மிச்சம். குரோம் அங்கங்கே கொப்புளம் கட்டி உரிகிறது. காந்தம் வைத்துப் பார்த்தேன்: ஹூப்பில் (தோலைப் பிடிக்கும் விளிம்பு வளையம்) ஒட்டுகிறது, ஷெல்லில் ஒட்டவில்லை.

இது என்ன டிரம்? திரும்பக் குரோம் பூசலாமா? இன்னொன்று, இதில் ஸ்நேர் சத்தமே வரவில்லை. கம்பியை எவ்வளவு முறுக்கினாலும் டாம் டிரம் போல 'தொம்' என்கிறது.

பதில் 1:
காந்தம் ஒட்டவில்லை என்றால் பித்தளைதான். லுட்விக் நிறுவனத்தின் புகழ்பெற்ற பித்தளை ஸ்நேர் பிளாக் பியூட்டியின் தம்பியாக இருக்கும். யோகம்தான் உங்களுக்கு!

பதில் 2:
கொஞ்சம் பொறுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் இரும்பு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். பித்தளையிலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. இந்த ஒரு சோதனையை நம்பிப் பித்தளை விலை கொடுத்து அலுமினிய டிரம் வாங்கியவன் நான், அதனால் சொல்கிறேன்.

எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புவது அந்தக் கொப்புளம். அலுமினியத்தின் மேல் குரோம் நன்றாகப் பிடித்து நிற்காது. ஈரமும் வியர்வையும் உள்ளே இறங்கினால் அடியில் வெள்ளைப் பொடி பூத்து, பூச்சைத் தூக்கிவிடும். இரும்பு ஷெல்லாக இருந்தால் செந்துரு பிடித்திருக்கும். பித்தளையில் பூச்சு தேய்ந்த இடம் மஞ்சளாகத் தெரியும்.

ஒரே ஒரு லக்கைக் கழற்றி, திருகு போகும் துளையின் விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே உலோகத்தின் சொந்த நிறம் தெரிந்துவிடும். அரம் போட்டுச் சுரண்ட வேண்டாம். கழற்றிய கையோடு ஷெல்லின் உட்புறத்தில் விரலை ஓட்டி, மேலிருந்து கீழாகப் பற்றவைத்த தையல் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
துளை விளிம்பு வெள்ளி நிறம், மஞ்சள் துளிகூட இல்லை. கொப்புளத்துக்கு அடியில் நீங்கள் சொன்ன பொடியேதான். உள்ளே தையல் இல்லை, வழவழவென்று இருக்கிறது. ஹூப்பையும் லக்கையும் கழற்றிய பிறகு ஷெல்லைத் தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை.

பதில் 2:
அப்படியானால் அலுமினியம். பித்தளையின் எடை ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு, தூக்கியவுடன் கை சொல்லிவிடும். தையல் இல்லாத ஷெல், நடுவில் ஒரு புடைப்பு, 14-க்கு 5, 10 லக், அலுமினியத்தின் மேல் குரோம் என எல்லாம் சேர்ந்தால் எனக்குத் தோன்றும் பெயர் லுட்விக் சூப்ராஃபோனிக் 400. லக் ஒவ்வொன்றும் மேல் ராடுக்கும் (இறுக்கும் திருகு) கீழ் ராடுக்கும் பொதுவாக ஒரே துண்டாக, நீளவாக்கில் வரிகளோடு இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. அதை இம்பீரியல் லக் என்பார்கள்.

1960-களின் தொடக்கத்தில் லுட்விக் இதே உருவத்தில் பித்தளை ஷெல் போட்டது. 1963-64 வாக்கில் அலுமினியத்துக்கு மாறியது. ஆகவே உங்களுடையது அதற்குப் பிந்தியது. இதன் 6½ அங்குல அண்ணன் 402. லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பான்ஹம் வாசித்தது அதைத்தான்.

பேட்ஜ் போனதற்காக ரொம்ப வருந்தாதீர்கள். லுட்விக் பேட்ஜ்களை வரிசைப்படி பொருத்தவில்லை, எனவே சீரியல் எண் இருந்திருந்தாலும் தோராயமான காலம்தான் கிடைத்திருக்கும். அந்தத் துளை காற்றுப் போக்குக்கானது. பேட்ஜைப் பிடித்திருந்த வளையமும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். புது பேட்ஜ் வாங்கி ஒட்டி விற்பவர்களும் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

பதில் 3:
குறுக்கே ஒரு வார்த்தை. அதே அலுமினிய ஷெல்லில் 8 லக், குரோம் இல்லாமல் மங்கலான சாம்பல் நிறம் என்றால் அது அக்ரோலைட். பள்ளி மாணவர்களுக்கான மலிவு மாடலாக வந்தது. குரோம் இல்லாததால் உரியவும் வழியில்லை. எனக்கு அதன் சத்தம்தான் பிடிக்கும், ஆனால் அது வேறு சண்டை.

கேட்டவருக்கு ஒரு கேள்வி: கீழே என்ன தோல் மாட்டியிருக்கிறது? கம்பியை இழுத்து விடும் நெம்புகோலில் பெயர் ஏதாவது இருக்கிறதா?

கேட்டவர்:
லக் நீங்கள் சொன்ன மாதிரியேதான், வரிகளோடு ஒரே துண்டு. கீழே இருப்பது மேலே உள்ளது போலவே வெள்ளையாக, சொரசொரப்பாக, தடிப்பாக இருக்கிறது. நெம்புகோலில் பெயர் எதுவும் இல்லை. அதை ஒட்டி இரண்டு காலித் துளைகள் இருக்கின்றன.

பதில் 3:
'தொம்' எங்கிருந்து வருகிறது என்று பிடித்துவிட்டோம்! யாரோ அடிக்கிற தோலைக் கீழேயும் மாட்டியிருக்கிறார்கள். கீழ்த்தோல் கண்ணாடி போல மெல்லியதாக இருக்க வேண்டும். பொதுவாக அதன் தடிமன் 0.003 அங்குலம், அடிக்கிற தோல் 0.010 அங்குலம். அவ்வளவு தடித்த தோல் கீழே இருந்தால் கம்பியை உதறிவிடும் அளவுக்குத் துடிக்காது. கடையில் 'ஸ்நேர் சைடு' என்று கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது கீழ் விளிம்பைக் கவனியுங்கள். எதிரெதிராக இரண்டு இடத்தில் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். கம்பி அந்தப் பள்ளங்களின் மேல் உட்கார வேண்டும். அதை யாரும் 'அடிபட்டு வளைந்தது' என்று நினைத்துத் தட்டி நிமிர்த்திவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை.

பதில் 2:
நெம்புகோல் பிற்பாடு மாற்றியது; அந்தக் காலித் துளைகள்தான் பழையதன் தடம். 1960-களில் இந்த மாடலில் பி-83 என்ற நெம்புகோல் வந்தது, அந்தப் பத்தாண்டின் கடைசியில் பி-85 இடம் பிடித்தது. இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை மையத்திலிருந்து மையம் அளந்துகொண்டு, விற்பவரிடம் அதே அளவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் புதுத் துளை போடாதீர்கள்.

குரோம் பூசுவதையும் விட்டுவிடுங்கள். பழைய பூச்சை முழுக்க உரித்து, அலுமினியத்தைத் தயார்செய்து பூச வேண்டும். செலவு அதிகம், டிரம்மின் மதிப்பும் இறங்கும். ஷெல்லை மென்மையான துணியால் துடைத்தால் போதும். ஹூப் இரும்பு, அதில் துரு இருந்தால் கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், போய்விடும்.

பதில் 1:
பித்தளை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என்னிடம் இருக்கும் 'பித்தளை'யையும் இன்று கழற்றிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

கேட்டவர்:
மெல்லிய தோல் மாட்டிவிட்டேன். விரலால் தட்டினாலே கம்பி பேசுகிறது! சித்தப்பா வாசித்துக் கேட்ட அந்தச் சரசரப்பு இதேதான். பழைய தோலுக்கு மேல் அவர் ஒட்டிய டேப்பை மட்டும் கழற்ற மனம் வரவில்லை, மேல் தோலை அப்படியே விட்டிருக்கிறேன். துளைகளை அளந்துவிட்டேன், இனி பி-83 தேடும் வேலைதான்.